ஸ்கேன் அறை வாசலில் கேட்பதை முந்தின நாளே கேளுங்கள்

பெறுநர்:
இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம், சென்னை
மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னை
தனியார் ஸ்கேன் மையங்களை நடத்துவோர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் மேஜையில் நோயாளியின் கைக்கு வருவது உள்ளங்கை அகலச் சீட்டு ஒன்று. பெயர், வயது, தேதி, நேரம், கட்டணம். ஓரத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: சாப்பிடாமல் வரவும். அவ்வளவுதான். பேஸ்மேக்கர் இருக்கா, கிட்னி டெஸ்ட் எடுத்தீங்களா, முன்னாடி ஊசி போட்டு அலர்ஜி வந்திருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்ற கேள்விகள் எல்லாம் ஸ்கேன் அறை வாசலில்தான் வருகின்றன. கவுன் மாட்டி, செருப்பைக் கழற்றி, பின்னால் பதினைந்து பேர் காத்திருக்கும்போது கேட்டால் சரியான பதில் வராது. வந்தாலும் அப்போது அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு கடிகாரம் ஓடுகிறது. சிலவற்றுக்கு 6 மணி நேரம், சிலவற்றுக்கு 13 மணி நேரம், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள்.

ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்களும், படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்களும் சேர்ந்து கேட்பது இது ஒன்றுதான்: நாள் குறிக்கும்போதே, அந்தந்த ஸ்கேனுக்குரிய தமிழ்த் தாள் ஒன்றை நோயாளியின் கையில் கொடுக்க உத்தரவிடுங்கள். அதில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் அந்த ரப்பர் ஸ்டாம்ப். வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு வெறும் வயிறு கட்டாயம் வேண்டும், 6 முதல் 8 மணி நேரம். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று நம்பிச் சொல்ல முடியாது. குடலில் சேரும் வாயு கணையத்தை மறைத்துவிடும். "ஒண்ணும் சாப்பிடலீங்க, ஒரு டீ மட்டும்தான்" என்பது தினமும் கேட்கிற பதில். அந்த டீயில் இருக்கும் பாலே பித்தப்பையைச் சுருக்கப் போதும். ஆகவே "சாப்பிடாமல்" என்று மட்டும் எழுதினால் போதாது. டீ, காபி, பால் கூடாது, தண்ணீர் குடிக்கலாம் என்று எழுத வேண்டும். தண்ணீரும் கூடாது என்று நினைத்துக்கொண்டு வருபவரிடம் "சிறுநீர்ப்பை நிறையட்டும், தண்ணி குடிங்க" என்றால் அவர் குழம்பிப்போகிறார். அடிவயிறு, கருப்பை, புராஸ்டேட் பார்ப்பதற்கு ஸ்கேன் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர், ஏறக்குறைய ஒரு லிட்டர், குடித்துவிட்டு சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். நிறைந்த பை குடலை மேலே தள்ளி, பின்னால் இருப்பதைப் பார்க்க ஜன்னல் திறந்துவிடுகிறது. அதற்காக இரண்டு லிட்டர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்காரவும் கூடாது. அளவுக்கு மீறி விரிந்த பை முழுதாகக் காலியாகாது. "சிறுநீர் தேங்குகிறது" என்ற தவறான கணக்கு ரிப்போர்ட்டில் ஏறிவிடும். டோக்கன் வரிசையை ஒழுங்கு செய்ய வேண்டியது மையத்தின் வேலை.

மறுபக்கம், கான்ட்ராஸ்ட் (உறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) இல்லாத தலை சிடி, மூட்டு எம்ஆர்ஐ, முதுகெலும்பு எம்ஆர்ஐ எதற்கும் பட்டினி தேவையே இல்லை. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் சிடிக்குக்கூட, இன்று பயன்படும் மருந்துகளுக்குப் பட்டினி அவசியமில்லை என்றே ஐரோப்பிய, அமெரிக்க ரேடியாலஜி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பழைய வகை கான்ட்ராஸ்ட் வாந்தியை உண்டாக்கியது. அந்தக் காலத்து விதி மருந்து மாறிய பிறகும் ஸ்டாம்ப்பில் தங்கிவிட்டது. தேவையில்லாத பட்டினிக்கு விலை கொடுப்பவர் சர்க்கரை நோயாளி. விடியற்காலை பஸ் ஏறி, வழக்கப்படி இன்சுலின் போட்டு, எதுவும் சாப்பிடாமல் வருகிறார். முறை வரும்போது மதியம் ஒரு மணி. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வரிசையிலேயே சாய்கிறார். பட்டினி தேவைப்படும் ஸ்கேன்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு காலை முதல் முறை கொடுங்கள். இன்சுலின், சர்க்கரை மாத்திரை பற்றி அவருடைய மருத்துவரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, இதய மாத்திரைகளை ஒரு வாய் தண்ணீரோடு வழக்கம்போல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் தாளில் இருக்கட்டும். மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்கும் குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு: திட உணவும் புட்டிப்பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிந்த நீர் 2 மணி நேரம். "ராத்திரியிலிருந்து ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மதியம் வரை கைக்குழந்தையைக் காய வைப்பது மருத்துவம் ஆகாது.

அடுத்தது எம்ஆர்ஐ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எம்ஆர்ஐ கருவியே ஒரு பெரிய காந்தம். டெஸ்லா, காஸ் இரண்டும் காந்தப்புலத்தை அளக்கும் அலகுகள். 1.5 டெஸ்லா கருவி என்றால் 15,000 காஸ். பூமியின் காந்தப்புலம் சுமார் அரை காஸ். ஸ்கேன் ஓடும்போது மட்டும்தான் காந்தம் வேலை செய்கிறது என்று நோயாளிகள் மட்டுமின்றி மருத்துவமனைப் பணியாளர்கள் பலரும் நினைக்கிறார்கள். மின்சாரம் போனாலும், இரவில் அறையைப் பூட்டிவிட்டுப் போனாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் மூழ்கிக் கிடக்கும், மின்தடையே இல்லாத மீகடத்திச் சுருள் அது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போய் உயிரிழந்தார். 2025 ஜூலையில் நியூயார்க் அருகே, ஸ்கேன் முடிந்த மனைவியை எழுப்பிவிட உள்ளே போனவரை அவர் கழுத்தில் கிடந்த உடற்பயிற்சிச் சங்கிலியோடு காந்தம் இழுத்தது; அவரும் இறந்தார். இருவருமே நோயாளிகள் இல்லை, கூட வந்தவர்கள். ஆகவே எம்ஆர்ஐ தாள் துணைக்கு வருபவருக்கும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

நம் ஊரில் உலோகம் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று வெளிநாட்டுப் படிவத்தை மொழிபெயர்த்தால் தெரியாது. புடவை மடிப்பில் ஒரு ஊக்கு, தோளில் ஒரு ஊக்கு, அதற்கு மேல் தாலிக்கொடியில் அவசரத்துக்கு என்று தொங்கவிட்ட இரண்டு மூன்று ஊக்கு. கொண்டை ஊசி. சவுரியின் கொக்கி. அரைஞாண் கயிற்றில் தாயத்து. அதற்குள் என்ன தகடு என்று கட்டியவருக்கே தெரியாது. மடியில் செருகிய சில்லறை, சுருக்குப் பை. இரும்புக் காப்பு. வருடக்கணக்கில் கழற்றாத மெட்டி. ஜரிகைப் புடவையும் உலோக இழைதான். பருத்தி உடை மட்டுமே சரி. கண் மையில் இரும்பு ஆக்சைடு இருக்கலாம். மூளை, கண் எம்ஆர்ஐயில் படத்தைக் கெடுக்கும், கண்ணும் எரியும்.

தாலியைக் கழற்றச் சொல்வது சாதாரண காரியம் இல்லை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனால் எந்தச் சங்கிலியிலும் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறலாம்; கவரிங் என்றால் உள்ளே என்ன உலோகமோ; கழுத்து, மார்புப் படத்தில் கறுப்பு ஓட்டை விழும். இதை வாசலில் நின்று, அவசரத்தில், ஆண் டெக்னீஷியன் ஒருவர் சொன்னால் அந்த அம்மா மறுப்பதில் என்ன தவறு? முந்தின நாளே தாளில் இருந்தால், மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தாலிக்கொடியை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வருவார். இறுகிப்போன மெட்டியையும் மோதிரத்தையும் இரவே எண்ணெய் தடவி நிதானமாகக் கழற்றியிருப்பார். கருகமணி அணிபவர்களுக்கும் இதே ஏற்பாடு.

உடம்புக்குள் இருப்பது இன்னும் முக்கியம். பேஸ்மேக்கர் என்றாலே எம்ஆர்ஐ கூடாது என்ற காலம் போய்விட்டது. நிபந்தனையோடு எடுக்கத் தகுந்த கருவிகள் வந்துவிட்டன. ஆனால் பெட்டி, கம்பி இரண்டும் அந்த வகையாக இருக்க வேண்டும், ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அதை மாற்றியமைக்க இதயப் பிரிவிலிருந்து ஆள் வர வேண்டும். இதற்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் வேண்டாமா? பொருத்தியபோது கொடுத்த அட்டை இல்லாமல் எதையும் உறுதி செய்ய முடியாது. காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் இம்ப்ளான்ட், மூளை ரத்தக்குழாய்க்குப் போட்ட கிளிப், நரம்புத் தூண்டி, உள்ளே வைத்த மருந்து பம்ப் எல்லாவற்றுக்கும் அப்படியே. பழைய மூளைக் கிளிப்புகளில் காந்தத்துக்கு அசையும் வகை உண்டு. இதய ஸ்டென்ட், பல் அடைப்பு, காப்பர் டி பற்றிப் பயப்பட வேண்டியதில்லை, சொன்னால் போதும். எலும்புக்கு வைத்த பிளேட், கம்பியும் பெரும்பாலும் தடையில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வந்தால் சந்தேகம் தீரும். தோலில் ஒட்டிய மருந்துப் பட்டையையும் சர்க்கரை அளக்கும் சென்சாரையும் எடுத்துவிட வேண்டும்.

ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. கோவையிலும் அம்பத்தூரிலும் லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலை பார்ப்பவர்களின் கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் இன்னும் உள்ளே இருக்கலாம். காந்தத்துக்குள் அது நகர்ந்தால் பார்வை போகும். "கண்ணில் இரும்பு பட்டு மருத்துவரிடம் போயிருக்கிறீர்களா" என்று தாளில் ஒரு வரி இருந்தால், ஆம் என்பவர்களுக்கு முதலில் கண் குழியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம்.

குழாய்க்குள் 20 முதல் 45 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள், கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், அழுத்தினால் நிறுத்திவிடுவார்கள். இந்த நான்கையும் முன்பே படித்தவர் பாதியில் எழுந்து ஓடமாட்டார். கைகளைக் கோத்துக்கொள்ளக் கூடாது, தொடையும் தொடையும் வெறும் தோலாக ஒட்டக் கூடாது. தோல் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மின்வளையம் உண்டாகிச் சுட்டுவிடும். நடுவில் துணியோ பஞ்சுத் திண்டோ வைக்க வேண்டியது எங்கள் வேலை. ஆனால் ஓர் இடம் சுடுவதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் பந்தை அழுத்த வேண்டும் என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதுதான் பயம்.

கான்ட்ராஸ்ட் ஊசி போடும் சிடிக்கு வருவோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் வேண்டும். 1.2 என்று பார்த்ததும் "நார்மல்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டின் சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டால், அதே 1.2, 25 வயது ஆணுக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் 86 என்று வருகிறது. 70 வயதுப் பெண்ணுக்கு 49. எண் ஒன்று, சிறுநீரகம் வேறு. ஆய்வகம் ரிப்போர்ட்டிலேயே இந்தக் கணக்கையும் அச்சிட வேண்டும் என்று ஆணையிடுங்கள். இந்தத் திறன் 30க்குக் கீழ் போனால்தான் கான்ட்ராஸ்ட் விஷயத்தில் உண்மையான எச்சரிக்கை வேண்டும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் அந்த நிலையில், அல்லது சிறுநீரகம் திடீரென்று பழுதான நிலையில், ஸ்கேன் அன்று நிறுத்தி 48 மணி நேரம் கழித்து மறுபடி கிரியாட்டினின் பார்த்துத் தொடங்க வேண்டிய மருந்து. எல்லோரையும் நிறுத்தச் சொல்வதால் சர்க்கரை ஏறுவதுதான் மிச்சம். பலருக்குத் தான் சாப்பிடுவது மெட்ஃபார்மின் என்றே தெரியாது, இரண்டு மருந்து கலந்த மாத்திரையில் அது ஒளிந்திருக்கும். "மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் கொண்டு வாருங்கள்" என்ற ஒரு வரி போதும்.

ஒவ்வாமைக் கேள்வியில் பெரிய குழப்பம் இருக்கிறது. "மீன், இறால் சாப்பிட்டால் அரிக்குமா" என்று கேட்டு, ஆமென்றால், கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் இருப்பதால், அயோடின் அலர்ஜி என்று எழுதிவிடுகிறார்கள். இறாலில் ஒவ்வாமை தருவது அதன் புரதம். அயோடினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கேட்க வேண்டியது, இதற்கு முன் இதே கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு உடம்பு தடித்ததா, மூச்சுத் திணறியதா, பிரஷர் இறங்கியதா என்று. 1990இல் ஜப்பானில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், இன்று பயன்படும் அயனியல்லாத வகை மருந்தில் கடுமையான விளைவு 10,000 பேருக்கு 4 பேரிடம் கண்டது. அரிதுதான். ஆனால் முன்பு ஒருமுறை வந்தவருக்கு ஆபத்து அதிகம். அவருக்கு ஸ்டீராய்டு கொடுத்துத் தயார் செய்யும் வழக்கமான முறை 13, 7, 1 மணி நேரம் முன்பாக மூன்று வேளை. வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்த 13 மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவது? போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் ரிப்போர்ட்டில் எழுதுவதையும் கட்டாயமாக்குங்கள். அடுத்த முறை வேறு மருந்துக்கு மாற அதுதான் ஆதாரம்.

ஊசி ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தெரியும், சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இது முன்பே தெரியாத நோயாளி பயந்து அசைகிறார், படம் கலங்கிவிடுகிறது. ஊசி போட்ட இடத்தில் வலித்து வீங்கினால் மட்டும் உடனே கத்த வேண்டும். ரத்தக்குழாய் சிடியில் விநாடிக்கு 4 மில்லி வேகத்தில் மருந்து பாய்கிறது, ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகினால் சில விநாடிகளில் கை வீங்கிவிடும். டயாலிசிஸ் நோயாளிகள் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையை ஊசிக்குக் காட்டக் கூடாது. முடிந்ததும் அரை மணி நேரம் மையத்திலேயே உட்கார வேண்டும், அதுவரை கையில் செருகிய ஊசிக் குழாயை (வென்ஃப்ளான்) கழற்றக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணை 24 மணி நேரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வது இன்னும் நடக்கிறது. மருந்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் பாலில் சேர்கிறது, அதிலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் குழந்தையின் குடல் உறிஞ்சுகிறது. நிறுத்த வேண்டியதில்லை.

கதிர்வீச்சு பற்றிய பயம் இடம் மாறிக் கிடக்கிறது. கதிரே இல்லாத எம்ஆர்ஐக்குப் பயந்து, "சாதா சிடி போதும்" என்பவர்கள் உண்டு. உலக சராசரியில் இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2.4 முதல் 3 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சின் அளவு) கிடைக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிர்வீசும் தாது இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல். ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1 அல்லது அதற்கும் குறைவு, தலை சிடி 2, வயிற்று சிடி 8 முதல் 10. தேவையான ஸ்கேனைத் தவிர்க்க இது காரணமில்லை. பழைய சிடியைக் கொண்டு வராததால் மறுபடி எடுக்கும் ஸ்கேனைத் தவிர்க்க இது நல்ல காரணம். கருவில் கதிர் படாமல் இருக்கக் கேட்கும் "நாள் தள்ளிப்போயிருக்கா" என்ற கேள்வியைப் பெண்களிடம் மாமியார், அண்ணன், வார்டு பாய் முன்னால் கேட்கிறோம். கல்யாணமாகாத பெண் அங்கே என்ன பதில் சொல்வாள்? தாளில் கட்டம் போட்டு அவளே குறிக்கட்டும். அல்லது பெண் பணியாளர் தனியே கேட்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) வரும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரன்ட் கூடாது. அதன் துகள்கள் படத்தில் புற்றுநோயின் சுண்ணாம்புப் புள்ளிகள்போல் தெரியும். மாதவிடாய் முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறைவு. கதிர்வீசும் சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் சிடிக்கு 6 மணி நேரம் பட்டினி, ரத்தச் சர்க்கரை 200க்குள், முந்தின நாள் கடும் உடலுழைப்பு வேண்டாம், இளநீரும் குளுக்கோஸ் டிரிப்பும் கூடாது. அந்த மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது, உங்களுக்காகக் கொண்டு வந்தது உங்களுக்காகக் காத்திருக்காது, தாமதம் கூடாது. கர்ப்பிணிகளுக்கான முதல் முக்கிய ஸ்கேன் 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள். 14ஆம் வாரம் வந்தால், அதில் பார்க்கும் கருவின் கழுத்துப் பின்புற நீர் அளவுக்குப் பொருளில்லை. அடையாள அட்டையும் மருத்துவர் சீட்டும் இருந்தால், கர்ப்பிணி ஸ்கேனுக்குச் சட்டப்படி வைக்க வேண்டிய படிவம் எஃப் நிரப்பத் தடையிருக்காது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இரண்டு சின்ன வேண்டுகோள். சிடி கருவி "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று தானாகச் சொல்லும் குரல் பல இடங்களில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிக்கிறது. புரியாமல் பாட்டி மூச்சு விட, கல்லீரலும் நுரையீரலும் அசைந்து படம் வீணாகிறது. கருவியிலேயே தமிழில் பதிவு செய்ய வசதி இருக்கிறது. ஒரு மைக்கும் பத்து நிமிடமும் போதும். இன்னொன்று, ஃபிலிம். இன்றைய ஃபிலிம் சூட்டில் கறுப்பது. கார் டேஷ்போர்டிலும் மாடி வெயிலிலும் வைத்தால் படம் போய்விடும். அதை வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் மருத்துவரால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியாது. படங்கள் பதிந்த குறுவட்டையோ இணைய இணைப்பையோ கட்டணம் கேட்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

தாள் ஒரு பக்கம் இருந்தால் போதும், எழுத்து பெரிதாக, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தோடு. அடியில் ஒரு தொலைபேசி எண். "காலையில பிரஷர் மாத்திரை போடலாமா" என்ற சந்தேகம் எல்லா வீட்டிலும் இரவு 9 மணிக்குத்தான் வரும். அந்த நேரத்தில் அந்த எண்ணை எடுத்துப் பேச ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்கேன் அறைகளில் பணிபுரியும் டெக்னீஷியன்களும் ரேடியாலஜி மருத்துவர்களும்